ஏசிக்கு வருஷம் எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: திருவான்மியூரில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு ஏசி. எங்கள் அறையில் இருப்பது 1.5 டன், இன்வெர்ட்டர் இல்லாதது, வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. மாமனார், மாமியார் அறையில் 1 டன் இன்வெர்ட்டர், வாங்கி இரண்டு வருஷம். கம்பெனியிலிருந்து போன் செய்து, ஒரு ஏசிக்கு 5,900 ரூபாய் வீதம் காம்ப்ரிஹென்சிவ் ஏஎம்சி (பழுதானால் பாகங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடச் சொல்கிறார்கள். தெருமுனை மெக்கானிக் ஒரு சர்வீஸுக்கு 700 ரூபாய்தான் வாங்குகிறார். ஆனால் போன வருஷம் பெரிய ஏசியில் கேஸ் குறைவு என்று 2,800 ரூபாய் வாங்கியவர், இந்த வருஷமும் அதையே சொல்கிறார். என் கணவரோ, ஃபில்டரை நாமே கழுவினால் போதும், மற்றதெல்லாம் வெட்டிச் செலவு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி

பதில்: வணக்கம். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உங்கள் பணம் அதிகமாக வீணாவது கேஸ் விஷயத்தில்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவது கிடையாது. கம்பெனியில் அடைத்த கேஸ், மூடிய பைப்புக்குள், அறைக்குள் இருக்கும் இன்டோர் யூனிட்டுக்கும் வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்கும் சுற்றிச் சுற்றி வருகிறது. பத்து வருஷம் ஓடினாலும் அதே கேஸ்தான் ஓட வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. போன வருஷம் நிரப்பியது இந்த வருஷமும் குறைந்துவிட்டது என்றால், ஒன்று லீக்கைத் தேடாமலேயே நிரப்பியிருக்கிறார், அல்லது கேஸ் குறையவே இல்லை. இரண்டில் எதுவானாலும் இன்னொரு 2,800 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் விஷயம் தெரிய வேண்டும்.

மெக்கானிக் பிரஷரைக் காட்டும் கேஜ் மாட்டி, “பாருங்கம்மா, முள் இறங்கிடுச்சு” என்று காட்டியிருப்பார். முள் இறங்கியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும், இன்டோருக்குள் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலில் அழுக்கு படிந்திருந்தாலும், அங்கே இருக்கும் விசிறியான ப்ளோயர் சரியாகக் காற்றை இழுக்காவிட்டாலும் அதே முள் அதே மாதிரி இறங்கும். காயிலுக்குப் போதுமான அறைக்காற்று போகாவிட்டால் உள்ளே இருக்கும் கேஸுக்குச் சூடு கிடைக்காது, பிரஷர் விழும். அதனால் முதலில் தண்ணீர் சர்வீஸ், அப்புறம்தான் கேஜ். இந்த வரிசையை மாற்றுகிறவரிடம் கேஸ் பற்றிப் பேசவே வேண்டாம். இன்வெர்ட்டர் ஏசியில் இன்னும் சிக்கல். கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதால் முள் ஓரிடத்தில் நிற்காது. அதை வைத்து மட்டும் கேஸ் குறைவு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

நீங்களே ஒன்றைக் கவனிக்கலாம். ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகு, அவுட்டோரில் பைப்புகள் சேரும் இடத்தை பால்கனியில் நின்றபடி, வெளியே சாயாமல் பார்க்க முடிந்தால் பாருங்கள். மெல்லிய பைப், தடித்த பைப் என இரண்டு இருக்கும். மெல்லிய பைப்பில் வெண்மையாகப் பனி பிடித்து, தடித்த பைப் வியர்க்காமல் காய்ந்து கிடந்தால் கேஸ் குறைவாக இருக்க நல்ல வாய்ப்பு. தடித்த பைப்பும் இன்டோர் காயிலும் முழுவதும் பனிக்கட்டியாக இருந்தால், பெரும்பாலும் காற்றோட்டம்தான் அடைத்திருக்கிறது. அந்தக் கட்டி உருகும்போதுதான் சுவரெல்லாம் தண்ணீர் வழிகிறது.

உண்மையிலேயே லீக் என்றால் அது தன் அடையாளத்தை விட்டுவைக்கும். கம்ப்ரஸரில் இருக்கும் ஆயிலும் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் கசிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, கருப்பாக ஒரு பிசுபிசுப்பு நிற்கும். அவுட்டோரில் பைப்பைப் பூட்டியிருக்கும் பித்தளை நட்டைச் சுற்றி அப்படி ஒரு கறை இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஃபிளேர் நட் என்று பெயர். நான் பார்க்கும் லீக்குகளில் நிறைய அங்கேதான். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி வரும். பைப் முனையை மறுபடி விரித்து நட்டை ஒழுங்காக முடுக்கினால் வேலை முடிந்தது. அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றி பிரஷர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சிலிண்டரோடு வருகிறவர்தான் வேலை தெரிந்தவர்.

லீக்கை அடைத்த பிறகு கேஸ் ஏற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் வாக்யூம் பம்ப் மாட்டி உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரின் வைண்டிங்கை, அதாவது மோட்டாரின் கம்பிச் சுருளைத் தின்னும். பிறகு அவுட்டோர் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை கிராமைத் தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்து ஏற்ற வேண்டும். அதே ஸ்டிக்கரில் எந்த கேஸ் என்றும் இருக்கும்: ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32. ஏழு வருஷம் முந்தைய ஏசி என்பதால் உங்களுடையது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு இன்னொன்றை ஏற்றக்கூடாது. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அது உள்ளே இருக்கும்போதே பைப்பில் வெல்டிங் வைக்கக்கூடாது. இதை மெக்கானிக்கிடம் சொல்லத் தயங்க வேண்டாம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆர்-410ஏ என்றால் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல். லீக்கை விட்டுவிட்டு வருஷா வருஷம் டாப்-அப் செய்வது உங்கள் பர்ஸுக்கு மட்டும் கெடுதல் இல்லை.

இனி சர்வீஸ் விஷயம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. ஃபில்டர் கழுவுவது வீட்டு வேலைதான், அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குழாயடியில் காட்டி, நிழலில் காய வைத்து மாட்டுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் ஃபிரேம் வளைந்துவிடும். ஃபில்டர் காயும் வரை ஏசியைப் போட வேண்டாம். ஃபில்டர் இல்லாமல் ஓடும் ஏசிக்குள் போகும் தூசியெல்லாம் நேராகக் காயிலில்தான் போய் ஒட்டும்.

ஆனால் ஃபில்டரால் பிடிக்க முடியாதது நிறைய இருக்கிறது. கொசுவத்திப் புகை, சாம்பிராணி, ஊதுபத்தி, பக்கத்துச் சமையலறையிலிருந்து வரும் தாளிப்புப் புகை எல்லாம் ஃபில்டரைத் தாண்டிப் போய் ஈரமான காயிலில் பிசின் மாதிரி படியும். வெள்ளிக்கிழமைதோறும் படுக்கையறை வரை சாம்பிராணி காட்டும் வீடுகளில் காயிலைக் கழுவும்போது ஜெட் பம்பிலிருந்து அடிக்கும் தண்ணீர் முதலில் கருப்பு மை மாதிரி கீழே கட்டிய பையில் இறங்கும், பிறகு பழுப்பாகும், நாலைந்து நிமிஷம் கழித்துத்தான் தெளியும். அதைவிட மோசம் ப்ளோயர். இன்டோர் யூனிட்டுக்குள் உருளையாகச் சுழலும் அந்த விசிறியின் ஒவ்வொரு இதழிலும் தூசி அட்டையாக ஒட்டியிருக்கும். டார்ச் அடித்து, காற்று வரும் வாய்க்குள் பாருங்கள், இதழ்களின் விளிம்பு கருப்பாகத் தெரிந்தால் ஃபில்டர் கழுவும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஏசி போட்டதும் முதல் ஐந்து நிமிஷம் ஈரத் துணி வாடை வருகிறதே, அதுவும் அங்கிருந்துதான். இந்த வாடையைக் குறைக்க ஒரு செலவில்லாத வழி: அணைப்பதற்கு முன்னால் பதினைந்து இருபது நிமிஷம் ஃபேன் மோடில் ஓடவிடுங்கள், காயில் காய்ந்துவிடும்.

சரி, இந்தக் கழுவலுக்கு 700 ரூபாய் கொடுப்பது தகுமா? கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் 1.5 டன் ஏசி இரவில் எட்டு மணி நேரம் ஓடுகிறது என்று வைப்போம். கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவதைக் கணக்கில் எடுத்தால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட். இரண்டு மாத இபி பில்லில் அது ஏறக்குறைய 480 யூனிட். அடைத்த ஃபில்டரை மாற்றினாலே 5 முதல் 15 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. நாம் பத்து சதவீதம் என்று வைத்தால் 48 யூனிட். இது சராசரி விலையில் மிச்சமாகிற 48 யூனிட் அல்ல, பில்லின் உச்சியில் இருக்கும் 48 யூனிட். நம் ஊர் வீட்டுக் கட்டணத்தில் 500-ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். இரண்டு ஏசி ஓடும் வீடு கண்டிப்பாக அந்தப் படிக்கட்டில்தான் நிற்கும். ஆக ஒரு பில்லுக்கு நானூறு ரூபாய் சொச்சம், மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மூன்று பில்லுக்கு 1,200 - 1,300. இரண்டு சர்வீஸ் செலவு 1,400. கரண்ட் பில்லில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய சரிக்குச் சரி. பெரிய லாபம் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். நஷ்டமும் இல்லை.

பில் எப்போதும் 500 யூனிட்டை ஒட்டி வரும் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 500-ஐத் தாண்டிய மறுநிமிஷம், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலை போய்விடுகிறது. அதனால் 501-வது யூனிட் ஒன்றே 200 ரூபாய்க்கு மேல் கடித்துவிடும். அந்த வீடுகளில் கழுவிய காயில் தன் காசில் பெரும்பகுதியை ஒரே பில்லில் எடுத்துத் தந்துவிடலாம்.

சர்வீஸின் மிச்ச மதிப்பு பில்லில் தெரியாது. அழுக்குப் பிடித்த அவுட்டோர் சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறும்போது கம்ப்ரஸர் அதிக ஆம்பியர் இழுக்கும், சூடாகும், கெபாசிட்டர் உப்பும். நடு மே மாதத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு நின்று போகும் ஏசிகளில் நிறைய இந்த வகைதான். திருவான்மியூர் கடலோரம் என்பதால் உங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கடல் உப்பு அவுட்டோர் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின்னில் படிந்து அரித்துக்கொண்டே இருக்கும். கடற்கரையைப் பார்த்து வைத்த அவுட்டோர்களில் ஐந்தாறு வருஷத்தில் ஃபின்னைத் தொட்டால் அப்பளம் போல நொறுங்குவதைப் பார்க்கலாம். இதற்கு மருந்து ஒன்றுதான், நல்ல தண்ணீரில் அவ்வப்போது கழுவி உப்பை இறக்குவது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை அடிக்கச் சொல்லாதீர்கள், மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட் பிடித்து வையுங்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் அண்ணா நகரில் இருப்பவருக்கு வருஷத்துக்கு ஒரு முறை போதும் என்று சொல்லும் நான், உங்களுக்கு இரண்டு முறை என்று சொல்வது இதனால்தான்.

அந்த இரண்டில் முதலாவது பிப்ரவரியில் நடக்கட்டும். அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு கூப்பிட்டால் மெக்கானிக்குக்கு ஒரு நாளில் பத்து வீடு இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், பதினைந்து நிமிஷத்தில் ஃபில்டரைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடத்தான் பார்ப்பார். இரண்டாவது ஆகஸ்ட் கடைசியில், மழைக்கு முன்னால்.

700 ரூபாய்க்கு என்ன நடக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஏசிக்கான மெயின் சுவிட்சான எம்சிபியை அணைத்துவிட்டு இன்டோரின் முன் கவரைக் கழற்றி, பிசிபி எனும் மின்னணு பலகை மேல் பாலித்தீன் சுற்றி, கீழே பை கட்டி, காயிலையும் ப்ளோயரையும் ஜெட் பம்பில் அடிக்க வேண்டும். தண்ணீர் தட்டையும், அந்தத் தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் பைப்பையும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். டிரெய்ன் பைப்பில் பாசி அடைத்தால்தான் அலமாரி மேல் சொட்டும். அவுட்டோரையும் கழுவ வேண்டும். அவுட்டோரை விட்டுவிட்டுப் போனால் அது பாதி சர்வீஸ், காசும் பாதிதான். பிளக்கைக் கழற்றி முனை கருகியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை, ஆனால் தீ விபத்தைத் தடுக்கும் வேலை. எல்லாம் முடிந்து கால் மணி நேரம் ஓடவிட்டு, வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து ஸ்டிக்கரோடு ஒப்பிட வேண்டும். நீங்கள் ஒரு சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து, ஏசி காற்றை உள்ளே இழுக்கும் மேல்பக்கத்திலும், குளிர் காற்று வரும் வாயிலும் வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் ஏசி நன்றாக வேலை செய்கிறது. அந்த வித்தியாசம் இருக்கும்போது “கேஸ் குறைவு” என்று சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். முக்கால் மணி நேரத்துக்குக் குறைவாக இத்தனையும் முடியாது.

‘கெமிக்கல் வாஷ்’, ‘ஃபோம் ஜெட்’, ‘ஆன்டி பாக்டீரியல்’ என்று கூடுதலாகக் கேட்பவை பெரும்பாலும் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஹால் ஏசிக்கு மட்டும் எப்போதாவது லேசான காயில் கிளீனர் போடலாம். அமிலம் கலந்ததைப் போட்டால் அழுக்கோடு அலுமினியமும் போகும், அதுவும் உங்கள் ஏரியாவில்.

அவுட்டோரை நீங்களே கழுவ நினைக்க வேண்டாம். மூன்றாவது மாடி. பால்கனிக்கு வெளியே சாய்ந்து ஹோஸ் பிடிக்கும் வேலையை பெல்ட் கட்டிக்கொண்டு செய்கிறவரிடமே விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த 5,900 ரூபாய். சின்ன ஏசிக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு வருஷ இன்வெர்ட்டர் என்றால் கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம், பிசிபிக்கு ஐந்து வருஷம் என்று வாரன்டி இருக்க வாய்ப்பு அதிகம், கார்டை எடுத்துப் பாருங்கள். விலை அதிகமான இரண்டு பாகமும் ஏற்கெனவே காப்பில் இருக்கும்போது, ஏஎம்சியில் மிச்சம் இருப்பது கழுவும் வேலைதான். அதற்கு 1,400 போதும். ஒரு எச்சரிக்கை, கம்ப்ரஸர் வாரன்டியில் கம்ப்ரஸர் மட்டும்தான் இலவசம். அதை மாற்றும்போது ஏற்றும் கேஸுக்கும் கூலிக்கும் தனியாகக் கேட்பார்கள். இதைப் பலர் கடைசி நிமிஷத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பெரிய ஏசிக்குப் பதில் அவ்வளவு எளிதில்லை. ஏழு வருஷம், கடல் காற்று, கேஸ் சந்தேகம் என்று மூன்றும் சேர்ந்த ஏசிக்குத்தான் காம்ப்ரிஹென்சிவ் ஏஎம்சி கொஞ்சமாவது அர்த்தமுள்ளது, அதுவும் கூலிங் காயிலும் கேஸும் அதில் அடங்கியிருந்தால். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். காயில் அரிப்பு அடங்குமா, கேஸ் வருஷத்துக்கு எத்தனை முறை, பிசிபி உண்டா, ஜிஎஸ்டி 18 சதவீதம் இந்த 5,900-க்குள்ளா வெளியேவா. நிறைய ஒப்பந்தங்களில் அரிப்பையும் பிளாஸ்டிக் பாகங்களையும் நைஸாக வெளியே வைத்துவிடுவார்கள். இன்னொன்று, ஏஎம்சி போடும் முன் அவர்கள் ஆள் வந்து ஏசியைச் சோதிப்பார். லீக் இருந்தால் அதை உங்கள் செலவில் சரிசெய்த பிறகுதான் ஒப்பந்தம் என்பார். அப்படியானால் எதற்காக ஏஎம்சி தேடினீர்களோ அந்தச் செலவு உங்கள் கையிலிருந்தே போயிருக்கும். மூன்று வருஷம் போட்டால் 17,700 ரூபாய். அது புது 1.5 டன் இன்வெர்ட்டரின் விலையில் கிட்டத்தட்ட பாதி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏஎம்சி போடமாட்டேன். பெரிய ஏசிக்கு முதலில் தண்ணீர் சர்வீஸ், அப்புறம் லீக் டெஸ்ட். லீக் ஃபிளேர் நட்டில் என்றால், கேஸ் ஏற்றுவது உட்பட 3,500 - 4,000 ரூபாய்க்குள் சரிசெய்து இன்னும் சில வருஷம் ஓட்டலாம். லீக் கூலிங் காயிலிலேயே என்றால், காயில், கேஸ், கூலி என்று பத்தாயிரத்தைத் தாண்டும். ஏழு வருஷ நான்-இன்வெர்ட்டர் ஏசியில் அந்தப் பணத்தைப் போட மாட்டேன். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்ததும் மாற்றுவதற்குச் சாதகம்தான். வாங்கும்போது ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் லேபிளில் இருக்கும் ஐசீர் (ISEER) எண்ணைப் பாருங்கள், அது கூடக்கூட அதே குளிருக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும். ஸ்டார் அளவுகோலை அரசு சில வருஷத்துக்கு ஒருமுறை இறுக்குவதால், பழைய ஐந்து ஸ்டாரும் புது ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை வைக்கிறேன். வெட்டிச் செலவைக் குறைக்க அவர் நிஜமாகவே விரும்பினால் ரிமோட்டை 20-ல் வைக்காமல் 25, 26-ல் வைத்து மேலே ஃபேனை இரண்டில் ஓடவிடட்டும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. வருஷம் முழுக்கச் சர்வீஸ் செய்து மிச்சப்படுத்துவதைவிட அது அதிகம், அதற்கு மெக்கானிக்கும் வேண்டாம்.

லீக் டெஸ்டுக்கு வருகிறவரிடம் நைட்ரஜன், வாக்யூம் பம்ப், தராசு மூன்றும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். டெஸ்டில் எங்கே லீக் என்று தெரிந்ததும், அவுட்டோர் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாரன்டி கார்டோடு அனுப்புங்கள், சரிசெய்யலாமா மாற்றலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.